அந்த 95,000 ரூபாய் பில்லை அழிக்காதீர்கள்: சிகிச்சையின் செலவையும் பலனையும் சேர்த்துக் கணக்குப் போடுவது எப்படி

தீசிஸ் டேட்டாவை எக்செல்லில் போட்டுக்கொண்டு என்னிடம் வரும் மாணவர்களில், செலவு என்று ஒரு பத்தி வைத்திருப்பவர்கள் அநேகமாக எல்லோருமே முதலில் கேட்பது இதுதான்: "சார், இந்த ஒரு பேஷன்ட்டுக்கு மட்டும் செலவு எக்கச்சக்கமா வருது, எடுத்துடலாமா?" எடுக்கக் கூடாது. ஏன் எடுக்கக் கூடாது என்பது புரிந்துவிட்டால் இந்தக் கணக்கில் பாதியைக் கற்றுக்கொண்ட மாதிரிதான். மீதிப் பாதியையும் சேர்த்து, ஒரே ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இங்கே செய்து காட்டுகிறேன். பேனா, பேப்பர், எக்செல் போதும். ஆர் மென்பொருள் தெரிந்தவர்களுக்கு ஒரு இடத்தில் வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

உதாரணத்துக்குச் சர்க்கரைப் புண்ணை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் திருப்பாதிரிப்புலியூர் தெருவிலேயே காலில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் இது எனக்கு வெறும் கணக்கு இல்லை. இரண்டு வழிகளை ஒப்பிடுகிறோம். பழைய வழி: தினமும் வந்து காஸ் துணி வைத்துக் கட்டு மாற்றிக்கொள்வது. புது வழி: புண்ணின் ஈரத்தைக் காக்கும் விலை கூடிய கட்டு, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒவ்வொரு வழியிலும் 10 பேர், 6 மாதம் பின்தொடர்கிறோம். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை, எந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டிலிருந்தும் எடுக்கவில்லை. முறை மட்டும் நிஜ ஆய்வில் செய்வதேதான்.

முதலில், யாருடைய பணம்?

எண்ணை எழுதுவதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள். ஆஸ்பத்திரியின் செலவா, அரசாங்கத்தின் செலவா, குடும்பத்தின் செலவா, எல்லாம் சேர்ந்தா? இதைத் தெளிவாகச் சொல்லாமல் போட்ட கணக்கை அப்புறம் யாராலும் சரிபார்க்க முடியாது.

ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா, கட்டு மாற்ற வரும் நாட்களில் ஆகும் செலவை மகளை விட்டுப் பள்ளி நோட்டில் எழுத வைக்கிறார். செவ்வாய்க்கிழமை வரி இப்படி இருக்கிறது: "டவுன் பஸ் 0. இறங்கி ஆட்டோ 60. டீ 2 வடை 2, 44. எனக்கு அரை நாள் கூலி போச்சு 250. அம்மாவுக்கு யாவாரம் இல்ல." கடைசி வரிக்கு நேரே தொகை இல்லை. எழுதத் தெரியாமல் விட்டதில்லை அது, அன்றைக்கு மீன் எடுத்திருந்தால் எவ்வளவு நின்றிருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் விட்டிருக்கிறார்கள். அதை நாம்தான் கேட்டு நிரப்ப வேண்டும், "போன வாரம் இதே செவ்வாய்க்கிழமை எவ்வளவு கிடைச்சுது?" என்று.

பஸ்ஸுக்கு 0 என்று இருப்பதையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. குடும்பத்தின் பார்வையில் அது 0 தான். அரசாங்கத்தின் பார்வையில் 0 இல்லை, அந்தக் கட்டணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. ஒரே பயணம், இரண்டு பார்வை, இரண்டு எண்கள். அதனால்தான் பார்வையை முதலிலேயே முடிவு செய்யச் சொல்கிறேன். என் பழக்கம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பத்தி, குடும்பச் செலவுக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது. கூட்ட வேண்டுமானால் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம், கூட்டியதைப் பிரிக்க முடியாது.

ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, காப்பீட்டு பேக்கேஜ் தொகையையே செலவு என்று எழுதிவிடுவது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ ஆயுஷ்மான் பாரத்தோ ஒரு சிகிச்சைக்குக் கொடுக்கும் தொகை பேசி வைத்த விலை. நர்ஸின் நேரம், காஸ், கையுறை, ஆட்டோகிளேவ், கட்டு போடும் அறையின் கரண்ட் எல்லாம் சேர்ந்து உண்மையில் எவ்வளவு ஆனது என்பது வேறு. அரசு மருத்துவமனையில் நோயாளிக்கு இலவசம் என்பதற்காக அங்கே 0 போடுவதும் இதே தவறின் இன்னொரு முகம். ஒரு கட்டு மாற்ற நர்ஸுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பத்துப் பதினைந்து பேருக்கு நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், மாதச் சம்பளத்தை வேலை நிமிடங்களால் வகுத்துப் பெருக்குங்கள், அது போதும். எல்லாத் தொகையையும் ஒரே ஆண்டு விலையில் வையுங்கள்; 2022 பில்லையும் 2024 பில்லையும் அப்படியே கூட்டாதீர்கள்.

சராசரியா, இடைநிலையா?

இப்போது எண்கள். பழைய கட்டில் 10 பேருக்கு 6 மாதத்தில் ஆன மொத்தச் செலவு, ரூபாயில்: 8,000, 9,000, 9,500, 10,000, 11,000, 12,000, 13,000, 14,500, 18,000, 95,000. கடைசியில் இருப்பவருக்குப் புண் உள்ளே போய், அட்மிஷன் ஆகி, ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. புதுக் கட்டில்: 16,000, 17,000, 18,000, 19,000, 20,000, 21,000, 23,000, 25,000, 28,000, 53,000.

பழைய கட்டின் சராசரி 20,000. ஆனால் பத்தில் ஒன்பது பேரின் செலவு அந்தச் சராசரிக்குக் கீழே இருக்கிறது. இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தி நடுவில் வருவது, 11,500. திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு, 26,500 சொச்சம், சராசரியைவிடவே பெரியது. செலவு என்பது அநேகமாக எப்போதும் இப்படித்தான் வரும்: நிறையப் பேர் இடது பக்கம் கும்பலாக, ஒன்றிரண்டு பேர் வலது கோடியில் வெகுதூரத்தில். புள்ளியியல் வகுப்பில் இதைப் பார்த்ததும் நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? "சாய்வு இருக்கிறது, இடைநிலை போடு, மான்–விட்னி சோதனை செய்." (இரண்டு குழுக்களை எண்களின் வரிசை இடத்தை வைத்து ஒப்பிடும் சோதனை அது.) ரத்தச் சோதனை அளவுகளுக்கு அது பல நேரம் சரி. பணத்துக்குச் சரி வராது.

காரணம் ரொம்ப எளிது. ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர் அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு கேட்கலாம் என்று உங்களைக் கேட்கிறார். சராசரியை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் 20,000 பெருக்கல் 10, 2 லட்சம், உண்மையில் செலவான தொகை அதேதான். இடைநிலையைப் பெருக்கினால் 1,15,000. மீதி 85,000 எங்கே? செலவானது செலவானதுதான், யாரோ ஒருவர் கடன் வாங்கியோ நகையை வைத்தோ கட்டியிருக்கிறார். மொத்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கும் அளவு கூட்டுச் சராசரி ஒன்றுதான். லாக் (மடக்கை) எடுத்துச் சராசரி போட்டுத் திரும்ப மாற்றினாலும் இதே சிக்கல்: இந்த எண்களுக்கு அது சுமார் 14,000 கொடுக்கும், அது பெருக்குச் சராசரி, பட்ஜெட் போட உதவாது. லாக்தான் வேண்டும் என்றால் காமா பரவலும் லாக் இணைப்பும் வைத்த பொதுமை நேர்கோட்டு மாதிரியைப் பயன்படுத்துங்கள், அது சராசரியை நேரடியாகக் கணிக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரிக்கு மருந்துச் செலவு மதிப்பீடு செய்து கொடுத்தபோது, ஐ.சி.யூ. போன மூன்று பேரின் பில்லை "விதிவிலக்கு" என்று நானே நீக்கினேன். அந்த வருஷம் அதேபோல நான்கு பேர் வந்தார்கள். ஒதுக்கியிருந்த பணம் ஜனவரியிலேயே முடிந்து, மிச்ச மாதங்களுக்கு மருந்தை வெளியே வாங்கிக்கொள்ளும்படி நோயாளிகளிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகளில் ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அதிலிருந்து பெரிய பில்லைப் பார்த்தால் நான் செய்வது ஒன்றே ஒன்று: பதிவேட்டை எடுத்து, அந்தத் தொகை தட்டச்சுப் பிழையா என்று சரிபார்க்கிறேன். 9,500 என்பதற்கு ஒரு சைபர் கூடிவிட்டதா? இல்லை, நிஜம்தான் என்றால் அது அப்படியே இருக்கும்.

சரி, வித்தியாசத்தைப் பார்ப்போம். புதுக் கட்டின் சராசரி 24,000. ஆக ஒரு ஆளுக்கு 4,000 கூடுதல். இடைநிலையை வைத்துப் பார்த்தால் (20,500க்கும் 11,500க்கும்) 9,000 கூடுதல். அந்த 95,000ஐ நீக்கிவிட்டால் பழைய கட்டின் சராசரி 11,667 ஆகிவிடும், வித்தியாசம் 12,333. ஒரே டேட்டா, மூன்று விடைகள், மூன்று மடங்கு தூரம். இந்த மூன்றையும் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பலனை எப்படி அளப்பது

புண் ஆறியதா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் புண்ணையும் கண்புரையையும் காசநோயையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டிய அரசாங்கத்துக்குப் பொதுவான ஒரு படிக்கல் வேண்டும். அதற்குத்தான் தரம் சேர்த்த ஆயுள் ஆண்டு, சுருக்கமாகக் குவாலி. முழு ஆரோக்கியத்தோடு ஒரு வருஷம் வாழ்ந்தால் 1. பாதித் தரத்தில் ஒரு வருஷம் வாழ்ந்தால் 0.5. இறப்பு 0.

தரத்தை அளக்க அதிகம் புழங்குவது ஈக்யூ-5டி என்ற கேள்வித்தாள். நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி அல்லது உடல் அசௌகரியம், கவலை அல்லது மனச்சோர்வு என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள், ஆக 3,125 விதமான உடல்நிலைகள். இந்தியர்களிடமே கேட்டுத் தயாரித்த மதிப்புப் பட்டியல் 2022இல் வெளியாகியிருக்கிறது. வேறு நாட்டுப் பட்டியலை இனிமேல் எடுக்க வேண்டியதில்லை. தமிழ் வடிவமும் இருக்கிறது, இந்தக் கேள்வித்தாளை உருவாக்கிய யூரோகால் அமைப்பிடம் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள்.

கேட்கும் விதத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். நம்ம ஊர்ப் பெரியவர்களிடம் வெள்ளைக் கோட்டோடு போய் "நடக்க முடியுதா?" என்று கேட்டால் "பரவாயில்ல தம்பி" என்பார்கள். அந்த மீன் விற்கும் அம்மாவும் அப்படித்தான் சொன்னார், சொல்லிவிட்டு எழுந்து, குதிகால் தரையில் படாமல் விரல் நுனியை ஊன்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். "பரவாயில்லை" என்பது மரியாதைக்குச் சொல்லும் பதில், அளவு கிடையாது. டாக்டர் இல்லாத இடத்தில், ஐந்து நிலைகளையும் முழுதாக வாசித்துக் காட்டி, அவர் வாயால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரை காத்திருங்கள். முதல் நாள் கேட்டவரே மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கேட்டால் இன்னும் நல்லது.

நம் உதாரணத்தில் பழைய கட்டுக்காரர்களின் சராசரித் தரம் ஆரம்பத்தில் 0.50, மூன்றாம் மாதம் 0.58, ஆறாம் மாதம் 0.66. புதுக் கட்டில் 0.50, 0.70, 0.78. வரைபடத் தாளில் மூன்று புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் குவாலி. மூன்று மாதம் என்பது 0.25 வருஷம். பழைய கட்டு: 0.50க்கும் 0.58க்கும் நடுவில் 0.54, பெருக்கல் 0.25, 0.135, அடுத்தது 0.62 பெருக்கல் 0.25, 0.155, மொத்தம் 0.29. புதுக் கட்டு: 0.15, 0.185, மொத்தம் 0.335. வித்தியாசம் 0.045. சின்ன எண்தான், ஆனால் இதை நாளாக மாற்றிப் பாருங்கள்: முழு ஆரோக்கியமான 16 நாள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆரம்பத்திலேயே இரண்டு குழுவும் சமமாக இல்லாவிட்டால்? புதுக் கட்டுக்காரர்கள் 0.54இல் தொடங்கியிருந்தார்கள் என்று வையுங்கள். அந்த 0.04 ஆறு மாதமும் கூடவே வந்தால் 0.02 குவாலி, நாம் கண்டுபிடித்த 0.045இல் கிட்டத்தட்டப் பாதி, கட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் வந்தது. அதனால் குவாலியை நேரடியாகக் கழிக்காமல், ஆரம்பத் தரத்தையும் ஒரு மாறியாகப் போட்டுத் தொடர்புப் போக்கு, அதாவது ரிக்ரஷன், செய்து வித்தியாசத்தை எடுங்கள். ரேண்டமைஸ் செய்த, அதாவது யாருக்கு எந்தக் கட்டு என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்த, ஆய்வாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். ரேண்டமைஸ் செய்யாமல் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்த டேட்டா என்றால் இது மட்டும் போதாது. யாருக்கு விலை கூடிய கட்டு போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பதிலேயே வித்தியாசம் ஒளிந்திருக்கும், வயது, புண்ணின் ஆழம், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் சமன்செய்த பிறகுதான் வாயைத் திறக்கலாம்.

வகுத்தால் வருவது

கூடுதல் செலவைக் கூடுதல் பலனால் வகுங்கள். 4,000 வகுத்தல் 0.045, ஒரு குவாலிக்குச் சுமார் 88,900 ரூபாய். இதற்குப் பெயர் ஐசர். இப்போது முன்பு குறித்து வைத்த மற்ற இரண்டையும் வகுத்துப் பாருங்கள். இடைநிலை வித்தியாசத்தை வைத்தால் 2,00,000. பெரிய பில்லை நீக்கியிருந்தால் 2,74,000.

இதை எதோடு ஒப்பிடுவது? இந்தியாவில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்கும், சிகிச்சைகளின் செலவையும் பலனையும் மதிப்பிடும் ஹெச்.டி.ஏ. இந்தியா அமைப்பு, தலைக்கு உள்நாட்டு உற்பத்தி மதிப்பை ஒரு குவாலிக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. அது 2 லட்சத்துக்கு மேலே. கணக்குக்கு 2 லட்சம் என்றே வைக்கிறேன். பிரிட்டனில் இதே வேலையைச் செய்யும் நைஸ் அமைப்பு நெடுநாளாக 20,000 முதல் 30,000 பவுண்டு என்று வைத்திருந்தது. ஆக, முழு டேட்டாவை வைத்துச் சராசரி போட்டால் புதுக் கட்டை வாங்கலாம். ஒரு வரியை அழித்துவிட்டுப் போட்டால் வாங்கக் கூடாது. விரல் போனவரின் பில்லை நீக்கியதும், விரல் போகாமல் காப்பதற்கு விலையே இல்லை என்று கணக்கு சொல்லிவிடுகிறது. இதற்காகத்தான் முதல் வரியிலிருந்து இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஐசரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது விகிதம் என்பதால் எதிர்க்குறி வந்தால் அர்த்தம் குழம்பிவிடும். செலவு குறைந்து பலன் கூடினாலும் எதிர்க்குறிதான், செலவு கூடிப் பலன் குறைந்தாலும் எதிர்க்குறிதான். ஒன்று வரப்பிரசாதம், இன்னொன்று வேண்டவே வேண்டாம், எண் மட்டும் ஒரே மாதிரி. அதனால் நிகரப் பயனைக் கணக்கிடுங்கள்: கூடுதல் குவாலியை 2 லட்சத்தால் பெருக்கி, அதிலிருந்து கூடுதல் செலவைக் கழிக்க வேண்டும். 0.045 பெருக்கல் 2,00,000 என்பது 9,000, கழித்தல் 4,000, நிகரம் 5,000 ரூபாய், ஒரு ஆளுக்கு. பூஜ்யத்துக்கு மேலே என்றால் செய்யலாம், கீழே என்றால் வேண்டாம், குழப்பமே இல்லை. பெரிய பில் இல்லாமல் போட்டால் இதுவே 9,000 கழித்தல் 12,333, அதாவது 3,333 நஷ்டம்.

குடவோலை முறை

பத்துப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு 5,000 என்று சொல்லிவிட்டோம். வேறு பத்துப் பேர் வந்திருந்தால்? 4,000 என்ற செலவு வித்தியாசத்தின் நிலைப்பிழை (வேறு ஆட்கள் வந்திருந்தால் அது எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவு) மட்டுமே 9,000 சொச்சம் வருகிறது. அந்த 95,000காரர் ஒருவர் வராமல் போயிருந்தால் எல்லாமே மாறியிருக்கும். இந்த ஊசலாட்டத்தை அளக்க எனக்குப் பிடித்த வழி பூட்ஸ்ட்ராப், பிராட்லி எஃப்ரான் 1979இல் கொடுத்தது. செலவு எந்த வடிவத்தில் சாய்ந்திருந்தாலும் இதற்குக் கவலையில்லை.

மாணவர்களுக்கு நான் இதைக் குடவோலை என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டின் 10 பேருக்கும் 10 சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் அந்த ஆளின் செலவும் குவாலியும் சேர்ந்தே இருக்க வேண்டும். குலுக்கி ஒன்றை எடுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், திரும்ப உள்ளேயே போடுங்கள். இப்படிப் பத்து முறை. உத்திரமேரூர்க் குடத்தில் எடுத்த ஓலையைத் திரும்பப் போட மாட்டார்கள், இங்கே போட வேண்டும், அந்த ஒரு வித்தியாசம் முக்கியம். புதுக் கட்டு டப்பாவிலிருந்தும் இதேபோலப் பத்து. இரண்டு சராசரிச் செலவு, இரண்டு சராசரிக் குவாலி, வித்தியாசங்கள், நிகரப் பயன். ஒரு சுற்று முடிந்தது. இதைக் கம்ப்யூட்டரில் 5,000 முறை செய்ய வேண்டும்.

கையால் நாலைந்து சுற்று செய்து பாருங்கள், அப்போதுதான் விஷயம் மனதில் இறங்கும். 95,000 சீட்டு, நூறு சுற்றில் சுமார் 35 சுற்றில் வரவே வராது, 39 சுற்றில் ஒருமுறை வரும், மீதி 26இல் இரண்டோ அதற்கு மேலோ வரும். அது வராத சுற்றில் பழைய கட்டு மலிவாகத் தெரியும், இரண்டு முறை வந்த சுற்றில் புதுக் கட்டு பணத்தையே மிச்சப்படுத்துவதாகத் தெரியும். சின்ன ஆய்வில் முடிவு எவ்வளவு தூரம் ஒரே ஒரு மனிதரின் காலைப் பிடித்துத் தொங்குகிறது என்பது கண்ணுக்கு நேரே வந்துவிடும்.

செலவையும் குவாலியையும் ஒரே சீட்டில் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. செலவு அதிகமானவருக்கே வாழ்க்கைத் தரமும் மோசமாக இருக்கும், இரண்டும் சேர்ந்தே நகரும். தனித்தனி டப்பாவில் போட்டுக் குலுக்கினால், விரல் போனவரின் பில்லும் நன்றாக நடப்பவரின் குவாலியும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேரும், அப்படி ஒரு ஆளே கிடையாது. எக்செல்லில் ராண்ட்பிட்வீன் வைத்து வரிசை எண்ணை எடுத்து, இன்டெக்ஸ் வைத்து அந்த வரியின் இரண்டு பத்தியையும் சேர்த்து இழுங்கள். ஆரில் பூட் என்ற பேக்கேஜ் இருக்கிறது.

5,000 புள்ளிகளையும் வரைபடத்தில் போடுங்கள்: கிடை அச்சில் குவாலி வித்தியாசம், நிமிர் அச்சில் செலவு வித்தியாசம். புள்ளிகள் மேகம்போலப் பரவியிருக்கும். வலது கீழ்க் கட்டத்தில் விழுந்தவை, செலவும் குறைவு பலனும் அதிகம். இடது மேல் கட்டம் அதற்கு நேர் எதிர். வலது மேல், இடது கீழ்க் கட்டங்களில்தான் பேச வேண்டியதே இருக்கிறது. நான்கு கட்டங்களையும் சேர்த்து, நிகரப் பயன் பூஜ்யத்துக்கு மேலே வந்த சுற்றுகள் எத்தனை சதவீதம் என்று எண்ணுங்கள். ஒரு குவாலிக்கு 50,000, 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் என்று தொகையை மாற்றி மாற்றி எண்ணி ஒரு கோடாக வரைந்தால், "இவ்வளவு கொடுக்கத் தயார் என்றால், இது சரியான முடிவாக இருக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு" என்று அதிகாரிக்கு நேரடியாகக் காட்டலாம். பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்ததா என்று தேடிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ உபயோகம். செலவின் ஊசலாட்டம் அவ்வளவு பெரியது என்பதால் பி மதிப்பு 0.05க்குக் கீழே வரவே வராமல் போகலாம், ஆனாலும் நாளை காலை எந்தக் கட்டை வாங்குவது என்று யாராவது முடிவெடுத்தே ஆக வேண்டும்.

பாதியில் நின்றவர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் ஆய்வு நடத்தியவர்களுக்கு இது தெரியும். மழை பிடித்தால் மூன்றாம் மாதக் கேள்வித்தாளில் பாதி காலி. கெடிலம் கரை ஓரமும் கடலோரமும் இருப்பவர்கள் வர மாட்டார்கள், டவுனுக்குள் இருப்பவர்கள் வருவார்கள். காலியான வரிகளைத் தூக்கிவிட்டு வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் வசதியானவர்களின் கணக்கு மட்டுமே மிஞ்சும். வர முடியாதவர்களுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், அதுதான் முதல் மருந்து. அப்படியும் விட்டுப்போனவற்றுக்குப் பன்முறை நிரப்பல், அதாவது தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பலமுறை ஊகித்து நிரப்புவது, என்ற முறை இருக்கிறது; வயது, ஊர், ஆரம்பத் தரம், அதுவரை ஆன செலவு எல்லாவற்றையும் வைத்து, இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். போன மாத எண்ணையே இந்த மாதத்துக்கும் போட்டு நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இன்னொன்று, நடுவில் இறந்துபோனவர் காணாமல் போனவர் கிடையாது. அவருடைய குவாலி அந்த நாளிலிருந்து 0, செலவும் 0, இரண்டும் தெரிந்த எண்கள். செலவை மட்டும் பார்த்தால் சீக்கிரம் இறந்தவர் மலிவானவராகத் தெரிவார், செலவையும் பலனையும் ஒருபோதும் பிரித்துப் பார்க்காதீர்கள் என்று சொல்வதற்கு அதைவிடக் காரணம் வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு அப்புறம் என்ன? விரல் போனவருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தொடரும். அதற்கு மார்க்கோவ் மாதிரி கட்டுவார்கள்: புண் உள்ளவர், ஆறியவர், விரலோ காலோ இழந்தவர், இறந்தவர் என்று நான்கு நிலை, வருஷத்துக்கு ஒருமுறை எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று நகர்த்திக்கொண்டே போவது. இதில் இரண்டே விஷயம் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷத்தில் 20 சதவீதம் பேர் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள் என்று படித்தால் அதை ஐந்தால் வகுத்து வருஷத்துக்கு 4 என்று போடாதீர்கள். மீதி 80 சதவீதத்தின் ஐந்தாம் மூலத்தை எடுத்து 1இலிருந்து கழிக்க வேண்டும், 4.4 வரும். அப்புறம், வருங்காலத்துச் செலவையும் பலனையும் வருஷத்துக்கு 3 சதவீதம் தள்ளுபடி செய்வது இந்தியாவில் வழக்கம். 10 வருஷம் கழித்து வரும் 1 லட்சம் இன்றைய கணக்கில் சுமார் 74,400. எந்த எண்ணின் மேல் உங்களுக்கே சந்தேகமோ அதைக் கூட்டியும் குறைத்தும் போட்டுப் பாருங்கள். எல்லா எண்ணையும் ஒரே நேரத்தில் ஆட்டிப் பார்ப்பதானால் நிகழ்தகவுகளுக்குப் பீட்டா, செலவுக்குக் காமா பரவலிலிருந்து எடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுக்கும்போது

செலவு–பலன் ஆய்வுகளை எழுதுவதற்காக 2022இல் வெளியான சியர்ஸ் சரிபார்ப்புப் பட்டியலில் 28 அம்சங்கள் இருக்கின்றன, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஒன்றும் விட்டுப்போகாது. ஐசர் நன்றாக இருக்கிறது என்பதால் பணம் கையில் இருக்கிறது என்று ஆகாது, அதையும் தனியாகச் சொல்லுங்கள்: வருஷத்துக்கு 500 பேர் வந்தால் கூடுதலாக 20 லட்சம், அதில் ஆஸ்பத்திரியின் தலையில் எவ்வளவு, குடும்பங்களுக்கு மிச்சமாவது எவ்வளவு. புதுக் கட்டில் ஆஸ்பத்திரிக்குச் செலவு கூடி, தினமும் வர வேண்டாம் என்பதால் அந்த மீன் விற்கும் அம்மாவின் மகளுக்கு வாரத்தில் நாலைந்து அரை நாள் கூலி மிஞ்சினால், அந்த இரண்டு வரியும் அறிக்கையில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தொடக்கத்திலேயே பத்திகளைப் பிரித்து வைத்திருந்தால் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முடிவு வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன், சதவீதம் உங்கள் 5,000 சுற்றில் வருவது: "புதுக் கட்டுக்கு ஒரு நோயாளிக்குச் சராசரியாக 4,000 ரூபாய் கூடுதலாகிறது, 0.045 குவாலி கூடுதலாகக் கிடைக்கிறது. ஒரு குவாலிக்கு 2 லட்சம் வரை கொடுக்கலாம் என்றால், இதை வாங்குவது சரியான முடிவாக இருக்க 70 சதவீதம் வாய்ப்பு. குழுவுக்குப் பத்துப் பேர்தான் என்பதால் இந்த முடிவு பெருமளவு ஒரு நோயாளியின் செலவைச் சார்ந்திருக்கிறது. அவரது பில் பதிவேட்டோடு சரிபார்க்கப்பட்டது, அவரையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறோம்." அதன் கீழேயே, குழுவுக்கு 100 பேர் எடுத்தால் செலவு வித்தியாசத்தின் நிலைப்பிழை 9,000இலிருந்து 3,000க்கும் கீழே இறங்கும் என்பதைக் குறிப்பிட்டு, அதற்கு எத்தனை மாதம், எத்தனை ஆள் தேவை என்றும் கேட்டுவிடுங்கள்.